வண்டியின் நெற்றி எழுத்து

(டில்லியில் நடைபெற்ற சங்க ஆண்டு விழாச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஆண்டு விழா மேடையில் ஏறுபவர்கள் கம்பனையோ வள்ளுவரையோ துணைக்கு அழைத்துக்கொண்டு ஏறுவதே நம் சங்கத்தின் மரபு. அந்த மரபிலிருந்து இன்று சற்றே விலகி, மோட்டார் வண்டிகளின் முன்னும் பின்னும் தொங்கும் எண் பலகையைப் பற்றிப் பேச நாம் துணிந்திருக்கிறோம். வீட்டில் நம்பர் பிளேட் என்போம்; மேடையில் எண் பலகை என்போம்; பொருள் ஒன்றுதான். இதில் பேசுவதற்கு என்ன இருக்கிறது என்று ஐயுறுபவர்கள், கூட்டம் முடிந்ததும் வெளியே நிற்கும் வண்டிகளை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வீடு செல்லுமாறு வேண்டுகிறோம். டில்லியின் டி.எல். எழுத்துகளே மிகுதி. குருகிராமத்திலிருந்தும் ஃபரீதாபாத்திலிருந்தும் வந்தவை எச்.ஆர்.; நொய்டாவிலிருந்து வந்தவை யு.பி. அவற்றின் நடுவே, அண்மையில் மாற்றலாகி வந்த குடும்பத்தின் டி.என். ஒன்று புழுதி படிந்து நிற்கும். யார் எங்கிருந்து வந்தார், எப்போது வந்தார், இன்னும் எத்தனை நாள் இருப்பார் என்பதை அந்தப் பலகைகள் நம் உறுப்பினர் பதிவேட்டைவிடத் தெளிவாகச் சொல்லும். பிறந்த மண்ணை விட்டு வாழும் நமக்கு இது சிறிய செய்தியன்று.

முதலில் பழங்கதை சிறிது. மோட்டார் வண்டிக்கு எண் பலகை வேண்டும் என்று முதன்முதலில் ஆணையிட்டது பாரிஸ் நகரக் காவல் துறை. ஆண்டு 1893. அந்த ஆணையின்படி, எண்ணோடு உரிமையாளரின் பெயரையும் முகவரியையும்கூடத் தகட்டில் எழுதித் தொங்கவிடவேண்டும். இன்று எவரேனும் தம் காரின் முதுகில் வீட்டு முகவரியை எழுதிக்கொண்டு டில்லிச் சாலையில் செல்லத் துணிவாரா? முகவரி போய் எண் மட்டும் நின்றதே இந்தப் பலகையின் வரலாற்றில் முதல் முன்னேற்றம் என்று கருதுகிறோம். எண்ணைக் கண்டவர் வண்டியை அறிவார். வண்டிக்கு உடையவரை அரசாங்கத்தின் ஏடு மட்டும் அறியும். பிரிட்டன் 1903 ஆம் ஆண்டு சட்டம் இயற்றி, 1904 ஜனவரி முதல் நாளிலிருந்து இம்முறையைக் கட்டாயமாக்கிற்று. நம் நாடு முழுவதற்குமான மோட்டார் வண்டிச் சட்டம் 1914 இல் வந்தது.

சென்னை நகரத்தில் எம்.சி. 1 என்னும் எண் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் என்பாருடைய காருக்கு அமைந்தது என்று அந்நகரின் வரலாற்றை எழுதியவர்கள் குறிப்பிடுவர். சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் தலைவராக இருந்தவர் அவர். 1912 இல் அதே அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்த இளைஞர் ஒருவர் கணக்கு மேதை இராமானுசன் ஆவார். அவர் இங்கிலாந்து செல்ல உதவியவர்களுள் ஸ்பிரிங் துரையும் ஒருவர். எண்களோடு உறவாடப் பிறந்த இராமானுசன், அலுவலக வாயிலில் அந்த முதல் எண்ணைப் பார்த்திருப்பாரோ என்று நினைக்க நமக்கு ஆசையாக இருக்கிறது. ஆசைக்கு ஆதாரம் தேடவேண்டாம், விஷயத்துக்கு வருவோம்.

1939 ஆம் ஆண்டுச் சட்டம் ஒவ்வொரு மாகாணத்துக்கும் எழுத்துகளைப் பங்கிட்டுக் கொடுத்தது. மூன்று ஆங்கில எழுத்து, அதன்பின் நான்கு இலக்கத்துக்கு மிகாத எண் என்பதே நம்மில் மூத்தவர்கள் கண்டு வளர்ந்த வடிவம். பழைய தமிழ்த் திரைப்படங்களில் கதாநாயகன் ஓட்டிவரும் காரைக் கூர்ந்து பார்த்தால் எம்.எஸ். என்றோ எம்.டி. என்றோ தொடங்கும் எண்ணைக் காணலாம். எம். என்பது மதராஸைக் குறித்தது. மொழிவழி மாநிலங்கள் பிறந்தபின் இந்த எம். என்னும் எழுத்துக்கு வந்த நெருக்கடியைச் சொல்லி முடியாது. மதராஸ், மைசூர், மகாராஷ்டிரம், மத்தியப் பிரதேசம், மணிப்பூர் என ஐந்து பேர் ஒரே எழுத்தின் நிழலில் ஒண்டவேண்டியதாயிற்று. இரண்டாம் எழுத்தைக் கொண்டுதான் எம்.எஸ். நம்முடையது, எம்.ஒய். மைசூருடையது, எம்.பி. மத்தியப் பிரதேசத்தினுடையது என்று பிரித்தறிந்தனர். 1969 ஜனவரியில் சென்னை மாநிலம் தமிழ்நாடு எனப் பெயர் பெற்றதும் நம் வண்டிகள் டி. என்னும் எழுத்தை அணிந்தன. பெயர் மாற்றத்துக்காகச் சங்கரலிங்கனார் உயிர் நீத்ததும், மன்றங்களில் நிகழ்ந்த வாதங்களும் நாம் அறிந்தவையே. அந்தப் பெயர் தெருத்தெருவாக, ஊர் ஊராக, மாநில எல்லை கடந்தும் சென்றது வண்டிகளின் நெற்றியிலேறித்தான் என்பதையும் நினைவிற்கொள்ளலாம்.

எழுத்துகள் தீர்ந்துபோகும் நிலை வந்தது. கணிப்பொறியின் காலமும் நெருங்கியது. 1988 ஆம் ஆண்டு மோட்டார் வண்டிச் சட்டம் 1989 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தபோது இன்றைய வடிவம் பிறந்தது. மாநிலத்துக்கு இரண்டெழுத்து, பதிவு அலுவலகத்துக்கு இரண்டு இலக்கம், பிறகு வரிசை எழுத்து, இறுதியில் நான்கு இலக்கம். இதனால் மாநிலம் மட்டுமன்றி ஊரும் வெளிப்படலாயிற்று. 45 என்றால் திருச்சி, 49 என்றால் தஞ்சை, 72 என்றால் நெல்லை, 74 என்றால் நாகர்கோயில் என்று நம் வீட்டுச் சிறுவர்கள்கூட அறிவார்கள். இரயில் நிலையத்தில் முகம் தெரியாத ஒருவர் இறங்கினால் அவர் ஊரைக் கேட்டறியவேண்டும். காரில் வந்து இறங்கினால் கேட்கவே வேண்டாம். ஆக்ராச் சாலையில் 63 என்ற எண்ணைக் கண்டு, சிவகங்கைச் சீமையிலிருந்து யாரோ வந்திருக்கிறார்கள் என்று வண்டியை ஓரங்கட்டி நலம் விசாரித்தவர்கள் நம்மிடையே உண்டு. டில்லியோ தனக்கென ஒரு வழி வகுத்துக்கொண்டது. முன்னால் வரும் சுழியத்தை விட்டுவிட்டு, அலுவலக எண்ணை அடுத்துக் காருக்கு சி. என்றும் ஸ்கூட்டருக்கு எஸ். என்றும் ஓரெழுத்தைச் சேர்த்தது. டி.எல். 4 என்றால் ஜனக்புரி; 7 மயூர் விகார்; 9 துவாரகை.

வரிசை எழுத்துகளில் ஐ, ஓ என்னும் இரண்டு ஆங்கில எழுத்துகளையும் விலக்கிவைப்பது வழக்கம். ஒன்றோடும் சுழியத்தோடும் அவை மயங்கும் என்பதே காரணம். ஆயினும் ஒடிசா மாநிலத்தின் குறியே ஓ என்று தொடங்குவதை யாரும் தடுக்க இயலவில்லை. மாநிலத்தின் ஆங்கிலப் பெயர் மாறியபின் அதுவும் 2012 இல் ஓ.ஆர். என்பதிலிருந்து ஓ.டி. ஆயிற்று. உத்தராகண்டம் யு.ஏ. விட்டு யு.கே. ஆனது. தெலங்கானம் 2014 இல் டி.எஸ். என்று தொடங்கி, 2024 இல் டி.ஜி. என்று மாறிக்கொண்டது. ஆந்திரம் 2019 இல் வேறொரு புதுமை செய்தது: மாவட்ட எண்களையெல்லாம் கைவிட்டு, மாநிலம் முழுமைக்கும் 39 என்னும் ஒரே எண்ணைக் கொண்டது. ஊர்ப் பெருமை பேசுவோருக்கு இதில் வருத்தம் இருக்கக்கூடும். நமக்கும் சிறிது வருத்தமே.

இனி, பலகையைச் செய்த கைகளைப் பற்றிச் சொல்லவேண்டும். இப்பகுதியில் சற்று நின்று பேச அவையோர் இசைவு தருக.

டில்லித் தமிழர்களுக்குக் கரோல் பாக் தாய்வீடு போன்றது. அந்தக் கரோல் பாகிலேயே மோட்டார் உதிரி உறுப்புக் கடைகளும் நெருங்கியிருந்தன. கடையோரத்தில் முக்காலியிட்டு அமர்ந்து எண் எழுதும் ஓவியர்களை நாம் நெடுநேரம் நின்று பார்த்ததுண்டு. இரும்புத் தகட்டை உப்புத்தாளால் தேய்ப்பார். கறுப்பு வண்ணம் பூசி வெயிலில் சாய்த்துவைப்பார். காய்ந்தபின் சுண்ணக்கட்டி தடவிய நூலை இருமுனையிலும் இழுத்துப் பிடித்துச் சுண்டுவார்; வெண்கோடு விழும். அக்கோடுகளுக்கு நடுவே, தட்டைத் தூரிகையால் வெள்ளை எனாமலைத் தொட்டு, மூச்சை அடக்கி ஒரே இழுப்பில் ஓர் எண். எட்டு எழுதுவதே கடினம் என்பர். இரண்டு வட்டமும் ஒன்றையொன்று தாங்கி நிற்கவேண்டும். நான்கு சக்கர வண்டியாயின் எழுத்தின் உயரம் 65 மில்லிமீட்டர், கனம் 10, இடைவெளி 10 என்பது மத்திய மோட்டார் வண்டி விதிகள் கூறும் அளவு. ஸ்கூட்டரின் பின்பலகையில் எழுத்துக்கு 35, எண்ணுக்கு 40. ஓவியர் விதி நூலைப் படித்தவரல்லர். கண்ணே அவருக்கு அளவுகோல்.

கை எழுதிய காலத்தில் எழுத்துக்கு முகம் இருந்தது. சாய்ந்த எழுத்து, நிழல் விழுந்த எழுத்து, வால் நீண்ட ஒன்பது, நடுவே சிறு பிள்ளையார். வடநாட்டு இளைஞர் 214 என்னும் எண்ணைக் கேட்டு வாங்கி, அதைச் சற்றே வளைத்துத் தேவநாகரியில் ராம் என்று தோன்றும்படி எழுதிக்கொள்வதை இங்கே கண்டிருப்பீர்கள். 4141 என்பது பாபா என, அதாவது அப்பா என, உருமாறும். மும்பையில் மராத்தி எண்களும் தமிழ்நாட்டில் தமிழ் எழுத்துகளும் பலகையேறின. ஆங்கில எழுத்தும் அரபு எண்ணுமே செல்லும் என்று விதி சொல்கிறது. தமிழ் எழுத்தைக் கண்டால் நம் நெஞ்சம் குளிர்கிறது என்பதை மறைக்கவில்லை. ஆனால் விபத்து நடந்த நொடியில், மொழி அறியாத ஒருவர் அந்த எண்ணைப் படித்து நினைவிற்கொள்ள வேண்டியிருக்கிறது. மோதிவிட்டு ஓடும் வண்டியின் எண் எவருக்கும் படிக்கத் தெரிய வேண்டும். இந்த இடத்தில் நாம் விதியின் பக்கமே நிற்கிறோம்.

தூரிகைக்குப் பின் ஒட்டுத்தாள் வந்தது. ரேடியம் என்று கடைக்காரர் அழைப்பார். ரேடியத்துக்கும் அதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. ஒளி எந்தத் திசையிலிருந்து வந்ததோ அந்தத் திசைக்கே அதைத் திருப்பியனுப்பும் நுண்ணிய கண்ணாடி மணிகளைப் பதித்த தாள் அது. பின்னால் வரும் வண்டியின் விளக்கு பட்டதும் எழுத்து இரவிலும் பளிச்சிடும். கணிப்பொறியால் அந்தத் தாளை வெட்டி ஒட்டும் இயந்திரம் வந்தபோது எழுத்தோவியரின் வேலையில் பாதி போயிற்று. மீதியைக் கொண்டுபோனது எது என்பதைச் சொல்லுமுன் நிறங்களைப் பற்றி ஒரு சொல்.

நாம் இளமையில் கண்ட சொந்தக் கார்களில் கறுப்பின்மேல் வெள்ளை எழுத்தே இருந்தது. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் அது தலைகீழாகி, வெள்ளையின்மேல் கறுப்பாயிற்று. வாடகை வண்டிக்கு மஞ்சளின்மேல் கறுப்பு. வாடகைக்கு எடுத்துத் தாமே ஓட்டும் வண்டிக்குக் கறுப்பின்மேல் மஞ்சள். மின்சாரத்தால் ஓடுவனவற்றுக்கு 2018 முதல் பச்சை. தலைநகரில் வாழும் நமக்கு, அயல்நாட்டுத் தூதரகங்களின் நீலப் பலகைகளும், மேல்நோக்கிய அம்புக்குறியோடு செல்லும் படைத்துறை வண்டிகளும் பழகிய காட்சி. குடியரசுத் தலைவர் போன்ற மிக உயர்ந்தோரின் வண்டிகள் எண் இன்றி அரசுச் சின்னத்தை மட்டும் தாங்கிச் சென்ற காலமும் இருந்தது. அவையும் எண்ணைக் காட்டவேண்டும் என்று 2018 இல் டில்லி உயர் நீதிமன்றம் கூறிற்று. மக்களாட்சியில் வண்டிக்கு வண்டி வேறுபாடு எதற்கு?

எழுத்தோவியரின் மீதி வேலையைக் கொண்டுபோனது உயர் பாதுகாப்புப் பதிவுப் பலகை. திருடிய காருக்கு ஒரு மணி நேரத்தில் வேறு எண் எழுதி மாட்டிவிடலாம் என்ற எளிமையே பழைய பலகையின் பெருங்குறை. குற்றச் செயல்களிலும் பயங்கரவாதச் செயல்களிலும் பொய்யெண் தாங்கிய வண்டிகள் பயன்பட்டன. 2001 இல் மத்திய அரசு விதியைத் திருத்திப் புதிய பலகைக்கு இலக்கணம் வகுத்தது. வழக்குகள் எழுந்தன. 2004 இல் உச்ச நீதிமன்றம் திட்டத்தை ஏற்றது. ஆயினும் மாநிலங்கள் அசைந்து கொடுக்கவில்லை. மணிந்தர்ஜித் சிங் பிட்டா தொடுத்த வழக்கில் நீதிமன்றம் மீண்டும் மீண்டும் காலக்கெடு விதிக்கவேண்டியிருந்தது. இறுதியில், 2019 ஏப்ரல் 1 முதல் விற்கும் புதிய வண்டிகளுக்கு வண்டி செய்யும் நிறுவனமே பலகையையும் சேர்த்துத் தரவேண்டும் என்ற ஏற்பாடு வந்தபின்தான் அது நாடெங்கும் பரவிற்று. விதி பிறந்து நடப்பதற்குப் பதினெட்டு ஆண்டுகள்! ஒரு பிள்ளை பிறந்து, வளர்ந்து, ஓட்டுநர் உரிமம் பெறுவதற்கு வேண்டிய காலம் அது.

அந்தப் பலகை எவ்வாறு உருவாகிறது என்பதைக் கேளுங்கள். ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள அலுமினியத் தகடு. கார் என்றால் 500 மில்லிமீட்டர் நீளம், 120 அகலம். மூலைகள் கையைக் கிழிக்காதவாறு வளைத்திருக்கும். தகட்டின்மேல் ஒளி திருப்பும் தாளை அழுத்தி ஒட்டுகிறார்கள். இடப்பக்க மேல் மூலையில் இருபதுக்கு இருபது மில்லிமீட்டரில் அசோகச் சக்கரம் பதித்த ஹாலோகிராம் முத்திரை. அதன்கீழ் நாட்டின் பெயரைக் குறிக்கும் மூன்றெழுத்து நீல நிறத்தில். இன்னும் கீழே, லேசர் ஒளியால் பொறித்த நிலையான அடையாள எண் ஒன்று. இது வண்டியின் எண்ணன்று, பலகைக்கே உரிய பிறவி எண். இவ்வளவும் அமைந்த வெற்றுத் தகட்டில் உரிய எழுத்துகளின் அச்சை வைத்து அழுத்தினால் எழுத்துகள் புடைத்தெழும். பிறகு சூடேற்றிய உருளையின் கீழ்க் கறுப்புப் படலத்தோடு செலுத்துகிறார்கள். புடைத்த இடங்களில் மட்டும் கறுப்பு ஒட்டிக்கொள்ளும். அந்தக் கறுப்பினுள்ளும் நாட்டின் பெயர் சாய்வாகத் திரும்பத் திரும்ப அச்சாகியிருக்கும். வீட்டுக்குச் சென்றதும் குனிந்து பாருங்கள்; வெயிலில் சற்றே சாய்த்து நோக்கினால் தெரியும்.

இதைத் திருகாணியால் மாட்டுவதில்லை. ஒருமுறை பூட்டினால் உடைத்தாலொழியக் கழலாத ஆணி பின்பலகையைப் பிடித்துக்கொள்கிறது. காரின் முன்கண்ணாடி உட்புறத்தில் மூன்றாம் பலகையாக ஓர் ஒட்டுத்தாளும் உண்டு. பிரிக்க முயன்றால் தானே சிதைந்துபோகும். பெட்ரோல் அல்லது எரிவாயு என்றால் இளநீலம், டீசல் என்றால் ஆரஞ்சு என்று நிறம் காட்டும் முறையை 2018 இல் உச்ச நீதிமன்றம் டில்லி வட்டாரத்துக்கு ஏற்றுக்கொண்டது. காற்று நஞ்சாகும் குளிர்காலத்தில், எந்த வண்டியை நிறுத்துவது என்று காவலர் தொலைவிலிருந்தே அறிவதற்காக. 2020 இன் இறுதியில் பழைய வண்டிகளும் இப்பலகைக்கு மாறவேண்டும் என்று டில்லியில் கெடுபிடி எழுந்தபோது, குடியிருப்பில் கணிப்பொறி தெரிந்த பிள்ளைகளின் வீட்டு வாயிலில் முதியோர் வரிசையாக நின்றதை யாரும் மறந்திருக்கமாட்டோம்.

ஜெர்மனியில் இதே சிக்கலை எழுத்தின் வடிவத்தாலேயே தீர்க்க முயன்றார்கள் என்பதை இங்கே குறிப்பிடலாம். கார்ல்கியோர்க் ஹோபர் என்னும் எழுத்து வடிவமைப்பாளர் வகுத்த எழுத்துரு அங்கே 2000 முதல் புதிய பலகைகளுக்குக் கட்டாயமாக உள்ளது. பி. என்பதற்கு ஒரு கால் சேர்த்து ஆர். ஆக்குவதும், எஃப். என்பதற்கு ஒரு கோடு சேர்த்து இ. ஆக்குவதும் இயலாதபடி ஒவ்வோர் எழுத்தும் தனித்த உருவம் கொண்டது. நாம் பூட்டை நம்பினோம். அவர்கள் எழுத்தை நம்பினார்கள். எழுத்தைக் கொண்டாடும் மரபில் வந்த நமக்கு ஜெர்மானியரின் வழி சற்றுக் கூடுதலாகப் பிடித்திருக்கிறது.

எண்ணின் கடைசி இலக்கம் நம் வாழ்வை ஆட்டிவைத்த கதையும் டில்லிக்கே உரியது. 2016 ஜனவரி 1 முதல் 15 வரை ஒற்றைப்படை நாளில் ஒற்றைப்படை எண்கொண்ட கார்கள், இரட்டைப்படை நாளில் இரட்டைப்படை எண்கொண்டவை என்று ஆணை பிறந்தது. அதே ஆண்டு ஏப்ரலிலும், 2019 நவம்பரிலும் மீண்டும் வந்தது. அதுவரை மாடிப்படியில் தலையசைப்போடு நின்றுபோன அண்டை வீட்டார், எந்த இலக்கம் உங்களுடையது என்று கேட்டுக்கொண்டு ஒரே காரில் ஏறினர். ஐந்தில் முடியும் காரின் மதுரைக்காரரும், எட்டில் முடியும் காரின் கும்பகோணத்துக்காரரும் அந்தப் பதினைந்து நாளில் உறவினர் ஆயினர். நம் சங்கத்துக்குப் புதிய உறுப்பினர் சிலர் கிடைத்ததும் அவ்வாறே.

ஆனால் எண் பலகை எப்போதும் உறவை மட்டும் வளர்த்ததில்லை. 2016 செப்டம்பரில் காவிரி நீர் பற்றிய பிணக்கு முற்றியபோது பெங்களூரில் நிகழ்ந்தவற்றை நினைத்தால் இன்றும் நெஞ்சு பதறுகிறது. கும்பல்கள் வண்டிகளை நிறுத்தி முதலில் பார்த்தது பலகையை. டி.என். என்ற இரண்டெழுத்தே குற்றச்சாட்டாகவும் தீர்ப்பாகவும் ஆயிற்று. லாரிகள் எரிந்தன, ஒரே நிறுத்துமிடத்தில் நின்ற பேருந்துகள் பல பத்துக் கணக்கில் சாம்பலாயின. தமிழ்நாட்டிலும் கே.ஏ. என்ற எழுத்தைத் தாங்கிய சில வண்டிகள் தாக்கப்பட்டன என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைப்பது நேர்மையாகாது. அந்த எழுத்து எதைச் சொல்கிறது? அந்த வண்டிக்கு எந்த அரசாங்கத்துக்கு வரி கட்டினார்கள் என்பதை மட்டும் சொல்கிறது. ஓட்டுபவரின் தாய்மொழியை அது சொல்லாது. அவர் எந்தத் தண்ணீரைக் குடிக்கிறார் என்பதையும் சொல்லாது. டி.என். லாரியைக் கன்னடர் ஓட்டலாம். பெங்களூரில் பிறந்து வளர்ந்த தமிழரின் கார் கே.ஏ. என்றே இருக்கும். இரண்டெழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் அதற்குமேல் படிக்க மறுத்த நாள்கள் அவை. வெளிமாநிலத்தில் வாழும் எந்தக் குடும்பமும் தன் வண்டியின் நெற்றியை ஒருமுறை பார்த்துக்கொண்ட நாள்களும் அவையே.

அச்சம் அரிதாக வருவது. அலைச்சலோ மாற்றலுக்கு மாற்றல் வருவது. 1988 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 47 ஆம் பிரிவின்படி, ஒரு மாநிலத்தில் பதிவுசெய்த வண்டியை வேறொரு மாநிலத்தில் பன்னிரண்டு மாதங்களுக்குமேல் வைத்திருந்தால் புதிய மாநிலத்தின் எண்ணைப் பெறவேண்டும். அதற்குமுன் பழைய அலுவலகத்திலிருந்து தடையில்லாச் சான்று வேண்டும். அதற்கு 28 ஆம் எண் படிவம். புதிய எண்ணுக்கு 27 ஆம் எண் படிவம். வண்டிமேல் கடன் இருந்தால் வங்கியின் இசைவு வேறு. புதிய மாநிலத்தில் மீதிக் காலத்துக்கு வரி கட்டிவிட்டுப் பழைய மாநிலத்தில் முன்பே கட்டியதைத் திரும்பக் கேட்கவேண்டும். கேட்பது எளிது; கிடைப்பது அவரவர் நல்வினை. நம் குடியிருப்பில் ஒரு நண்பர், மூன்று மாநிலங்களில் பணியாற்றிய பத்து ஆண்டுகளில் ஒரே காருக்கு மூன்று எண்கள் மாட்டினார். ஓர் அலுவலகத்தில் அவருடைய கோப்பு நான்கு மாதம் தூங்கியது. இரண்டாவது வரியைக் கட்டி முடித்தார். முதலாவது இன்னும் திரும்பி வரவில்லை.

இந்தத் துன்பத்துக்கு ஒரு மருந்தாக 2021 இல் பாரத் வரிசை வந்தது. ஆகஸ்டில் அறிவித்து, செப்டம்பர் 15 முதல் நடைமுறைப்படுத்தினர். பலகையில் முதலில் பதிவு ஆண்டின் இரண்டு இலக்கம், அடுத்துப் பி.எச். என்ற இரண்டெழுத்து, பிறகு நான்கு இலக்கம், இறுதியில் வரிசை எழுத்து. மாநிலத்தின் பெயரே இல்லை. படைத்துறையினர், மத்திய மாநில அரசு ஊழியர்கள், பொதுத்துறை நிறுவன ஊழியர்கள், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் உள்ள தனியார் நிறுவன ஊழியர்கள் இதைப் பெறலாம். தனியார் துறையினர் 60 ஆம் எண் படிவத்தில் நிறுவனத்தின் சான்றைக் காட்டவேண்டும். வரியை மொத்தமாகக் கட்டவேண்டியதில்லை. இரண்டிரண்டு ஆண்டாகக் கட்டினால் போதும். பத்து இலட்சத்துக்குட்பட்ட வண்டிக்கு எட்டு விழுக்காடு, இருபது இலட்சம் வரை பத்து, அதற்குமேல் பன்னிரண்டு என்று கணக்கிட்டுப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். டீசல் வண்டிக்கு இரண்டு கூடும். மின்வண்டிக்கு இரண்டு குறையும். ஏற்கெனவே மாநில எண் பெற்றவர்களும் தகுதியிருந்தால் இவ்வரிசைக்கு மாறலாம் என்று 2022 டிசம்பரில் விதி திருந்தியது. மாற்றல் ஆணையைக் கையில் வைத்துக்கொண்டு இங்கே அமர்ந்திருப்போர் இதைக் குறித்துக்கொள்க.

நல்ல மருந்துதான், ஆயினும் எல்லா நோயாளிக்கும் கொடுக்கும் மருந்தாக இல்லை. பிழைப்புக்காக இங்கே வந்த நம் மக்களில் அலுவலகத்தில் வேலை பார்ப்பவர்கள் ஒரு பகுதியினரே. இட்லி மாவு அரைத்து ஸ்கூட்டரில் வைத்து வீடு வீடாகக் கொடுப்பவர் இருக்கிறார். கோயில் விழாக்களுக்கு நாகசுரம் வாசிக்க ஊர் ஊராகச் செல்பவர் இருக்கிறார். குழாய் வேலையும் மின்கம்பி வேலையும் செய்யும் இளைஞர்கள் சேலத்திலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் வந்து குடிசைப் பகுதிகளில் வாழ்கின்றனர். இவர்களுக்கு நான்கு மாநிலத்தில் கிளை வைத்த முதலாளி இல்லை. ஆகவே பாரத் வரிசையும் இல்லை. மாநிலம் மாநிலமாகச் சென்று பிழைப்பவருக்காக ஏற்பட்ட பலகை, அவ்வாறு பிழைப்பவருள் வசதி குறைந்தவரைத் தொடவில்லை. தனித் தொழில் செய்வோருக்கும் இவ்வரிசையைத் திறந்துவிடவேண்டும் என்று நம் சங்கம் போக்குவரத்து அமைச்சகத்துக்கு விண்ணப்பம் ஒன்றை எழுதலாம் என்பது நமது கருத்து. வாயிலருகே மேசைமேல் ஒரு தாள் வைத்திருக்கிறோம். உடன்படுவோர் கையொப்பமிடலாம், தம் வண்டியை எண் மாற்றப் பட்ட பாட்டை இரண்டு வரியில் எழுதிவைத்தால் இன்னும் நன்று.

மேடைக்குப் பின்னால் சிறுமியர் சலங்கை கட்டிக் காத்திருக்கின்றனர். செயலாளரும் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். வெளியே வாயிலை அடைத்து நிற்கும் டி.எல். 3 வண்டிக்கு உரியவர் அதைச் சற்று நகர்த்துமாறு வாயிற்காவலர் சீட்டு அனுப்பியிருக்கிறார். முழு எண்ணும் இந்தச் சீட்டில் இருக்கிறது.